வங்கியின் தவறால் திரும்பிய காசோலை: வணிகரின் நாணயத்துக்கு என்ன விலை?

கணக்கில் பணம் இருந்தது. கையொப்பம், தேதி, தொகை எதிலும் பிழை இல்லை. ஆனாலும் காசோலை திரும்பிவிட்டது. விசாரித்தால் தவறு வங்கியுடையது என்று தெரிகிறது. மறுநாளே வங்கி அதைச் சரிசெய்கிறது. உரியவருக்குப் பணமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதற்கு மேல் வங்கியிடம் கேட்பதற்கு வணிகருக்கு என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது என்கிறது சட்டம். தமிழில் காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர். சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் நாணயம் என்றுதான் பெயர். வங்கி மறுநாள் திருப்பிக் கொடுப்பது முதல் நாணயத்தை மட்டுமே. இரண்டாவது அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை.

சிறுதொழில்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது நாணயத்தில்தான் ஓடுகின்றன. டயர் கடைக்காரர் கடனுக்கு டயர் மாட்டிவிடுகிறார். மொத்த வியாபாரி முப்பது நாள் தவணையில் மளிகைச் சாமான் இறக்குகிறார். எண்ணெய் நிலையத்தில் மாதக் கணக்கில் டீசல் ஊற்றுகிறார்கள். "அவர் காசோலை கொடுத்தால் மாறும்" என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் பிணை. ஒரே ஒரு காசோலை திரும்பினாலும் அந்தப் பிணை ஆடிப்போகும்.

இந்த இழப்பை நீதிமன்றங்கள் எப்படி எடைபோடுகின்றன, என்ன ஆதாரம் கேட்கின்றன, எங்கே கையை விரித்துவிடுகின்றன என்பதைச் சிறு வணிகர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எது அவதூறு?

மலேசியாவில் அவதூறு வழக்குகள் 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டத்தையும், இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்ட மரபையும் அடிப்படையாகக் கொண்டவை. வழக்குத் தொடுப்பவர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். சொல்லப்பட்டது அவருடைய மதிப்பைக் குறைப்பதாக இருக்க வேண்டும். அது அவரைத்தான் குறிக்கிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். மூன்றாவது ஆள் ஒருவருக்காவது அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் பலரின் புகார் அடிபட்டுப் போகிறது. வங்கி தவறுதலாக வாடிக்கையாளருக்கு மட்டும் ஒரு கடுமையான கடிதம் அனுப்பினால் அது மனவேதனை தரலாம், அவதூறு ஆகாது. வேறு யாரும் அதைப் படிக்கவில்லை. காசோலை திரும்பும்போது நிலைமை வேறு. திரும்பியதற்கான காரணம் பணம் பெறவேண்டியவரின் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து அவர் கைக்கும் போகிறது. மூன்றாவது ஆளுக்குச் செய்தி போய்விட்டது.

எழுத்தில் வரும் அவதூறுக்கும் வாய்ச்சொல்லாக வரும் அவதூறுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எழுத்து என்றால், பண இழப்பை நிரூபிக்காமலே வழக்கு நிற்கும். வாய்ச்சொல் என்றால் பொதுவாக இழப்பைக் காட்ட வேண்டும். ஆனால் ஒருவரின் தொழிலையோ வணிகத்தையோ தாழ்த்தும் விதத்தில் பேசப்பட்டால் அந்த நிரூபணம் தேவையில்லை என்கிறது நம் அவதூறுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. "அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுக்காதீர்கள், கணக்கில் ஒன்றுமில்லை" என்று வங்கி அதிகாரி ஒருவர் தொலைபேசியில் பொய்யாகச் சொன்னாலும் வணிகருக்கு வழி இருக்கிறது என்பதே இதன் பொருள்.

சொன்னது உண்மையாகவே இருந்தாலும் வங்கி தப்பிவிடாது. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை உரிமையின்றி வெளியே சொல்வது 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின்படி தனிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

மூன்று சொல் செய்யும் வேலை

காசோலை திரும்பும்போது வங்கிகள் எழுதிவந்த சொற்றொடர்களில் மிகவும் பேசப்பட்டது "ரெஃபர் டு டிராயர்". காசோலை எழுதியவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று பொருள். கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கிறது. இது அவதூறா என்பதில் நீதிமன்றங்கள் ஒரு நூற்றாண்டு காலம் பல கருத்துகளைச் சொல்லியிருக்கின்றன.

இங்கிலாந்தில் 1915ஆம் ஆண்டிலும் 1936ஆம் ஆண்டிலும் வந்த தீர்ப்புகள், இதில் அவதூறு இல்லை என்றன. காசோலையை எழுதியவரிடம் போய்க் கேள் என்பதைத் தவிர அந்தச் சொற்களில் வேறொன்றும் இல்லை என்று அன்றைய நீதிபதிகள் கருதினார்கள். 1968ஆம் ஆண்டில் அதே இங்கிலாந்தில் ஒரு ஜூரி, இச்சொற்கள் மதிப்பைக் குறைப்பவைதான் என்று சொன்னது. 1958ஆம் ஆண்டில் நியூசிலாந்து நீதிமன்றம் "பிரசென்ட் அகெய்ன்", அதாவது மீண்டும் கொண்டு வாருங்கள் என்ற சொற்களையே அவதூறு என்று ஏற்று 100 பவுன் வழங்கியது. இன்று பணம் இல்லை, பிறகு வந்து பாருங்கள் என்றுதானே அதைப் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்?

நீதிமன்றம் பயன்படுத்தும் அளவுகோல் அகராதி அன்று. சாதாரண அறிவுள்ள ஒருவர் அந்தச் சீட்டைப் பார்த்ததும் என்ன நினைப்பார் என்பதே கேள்வி. கடைக்காரர் ஒருவர் திரும்பிய காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு "ஆள் காசில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டார்" என்று நினைத்தால், வங்கி எவ்வளவு நாசூக்காக எழுதியிருந்தாலும் பயனில்லை.

மிக விரிவாக ஆராயப்பட்ட வழக்கு ஆஸ்திரேலியாவில் வந்தது. 1997ஆம் ஆண்டில் ஒரு வீட்டுமனை முகவர் நிறுவனத்துக்கு எதிராக, கணக்கை முடக்கும் நீதிமன்ற ஆணை வெஸ்ட்பாக் வங்கிக்கு வந்தது. வாடிக்கையாளர்களின் பணத்தை அறங்காவல் முறையில் வைத்திருந்த கணக்குகளுக்கு அந்த ஆணை செல்லாது. வங்கி தவறுதலாக அவற்றையும் முடக்கியது. 30 காசோலைகள் "ரெஃபர் டு டிராயர்" என்று திரும்பின. வழக்கு படிப்படியாக ஏறி 2010ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்ச அமைப்பான ஹைகோர்ட்டுக்கு வந்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் வங்கிக்கு எதிராக முடிவு செய்தனர். நிறுவனத்தை நடத்தியவருக்கு 50,000 ஆஸ்திரேலிய டாலரும் வட்டியும் கிடைத்தன. தவறு நடந்து அதற்குள் 13 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆஸ்திரேலிய, இங்கிலாந்துத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் இத்தகைய வழக்குகளில் வழக்கறிஞர்கள் அவற்றை எடுத்துக்காட்டி வாதாடுவதும், நீதிபதிகள் அவற்றை எடைபோட்டுப் பார்ப்பதும் வழக்கம்.

இரண்டு வாசல்கள்

வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே இருப்பது ஒப்பந்தம். கணக்கில் பணம் இருந்தும் காசோலையைத் திருப்பினால் ஒப்பந்தம் மீறப்படுகிறது. அதே செயல் அவதூறாகவும் இருக்கலாம். ஆகவே வணிகர் இரண்டு வாசல்களையும் தட்டலாம். ஒரே இழப்புக்கு இரண்டு முறை பணம் வாங்க முடியாது என்பது மட்டுமே கட்டுப்பாடு.

ஒப்பந்த வாசலில் வணிகர்களுக்கு ஒரு சிறப்புச் சலுகை நெடுங்காலமாக இருந்துவருகிறது. 1854ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலேய வழக்கில், வணிகர்களின் காசோலைகளை வங்கி தவறுதலாகத் திருப்பியது. மறுநாள் மீண்டும் கொண்டுபோனபோது பணம் கொடுத்துவிட்டது. வணிகர்கள் எந்தக் குறிப்பிட்ட இழப்பையும் காட்டவில்லை. ஆனாலும் ஜூரி 500 பவுன் கொடுத்தது. பிறகு அது 200 பவுனாகக் குறைக்கப்பட்டது. வணிகர் என்றால் அவருடைய நாணயத்துக்கு இழப்பு நேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி அதிலிருந்து நிலைத்தது.

வணிகர் அல்லாதவர்களுக்கு அந்தச் சலுகை இல்லாதிருந்தது. 1939ஆம் ஆண்டில், வீட்டு வாடகைக்குக் கொடுத்த காசோலை திரும்பிய ஒரு பெண்ணுக்குப் பெயரளவில் 2 பவுன் மட்டுமே கிடைத்தது. 1996ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தளர்த்தியது. கடன் பெறும் தகுதி இன்று எல்லோருக்கும் முக்கியம் என்பது அதன் காரணம். அந்த வழக்கில் 4,550 பவுன் காசோலை ஒன்று, தொலைந்துபோனதாகத் தவறுதலாகக் குறிக்கப்பட்டுத் திரும்பியது. வங்கி விரைவிலேயே அதைச் சரிசெய்தும், 5,550 பவுன் பொது இழப்பீடு வழங்கப்பட்டது.

அவதூறு வாசலின் பலத்தை 1950ஆம் ஆண்டின் ஓர் அயர்லாந்து வழக்கு காட்டுகிறது. அதே காசோலைத் தவறுக்காக ஒப்பந்த மீறலுக்குக் கிடைத்தது 1 பவுன். அவதூறுக்குக் கிடைத்தது 400 பவுன்.

தொகை எப்படி முடிவாகிறது?

காசோலையின் தொகைக்கும் இழப்பீட்டுத் தொகைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 1940ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பந்தயத் தொழில் நடத்திய ஒருவரின் காசோலையை பார்க்லேஸ் வங்கி "நாட் சஃபிஷியன்ட்", போதிய பணமில்லை என்று எழுதித் திருப்பியது. காசோலையின் தொகை 3 பவுன் கூட இல்லை. முன்பே நிறுத்தச் சொல்லியிருந்த வேறொரு காசோலைக்கு வங்கி தவறுதலாகப் பணம் கொடுத்துவிட்டதால்தான் கணக்கில் பணம் குறைந்திருந்தது. நீதிமன்றம் அவருக்கு 250 பவுன் வழங்கியது. மூன்று பவுனைக் கூடக் கொடுக்க முடியாதவர் என்று சொல்வது, பெரிய தொகையைக் கொடுக்க முடியாதவர் என்பதைவிட ஒரு வணிகரை அதிகமாகத் தாழ்த்தும் அல்லவா?

நீதிபதி பார்ப்பது வேறு சில விஷயங்களை. முதலாவது, சொல்லின் கடுமை. "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதுவதும் "போதிய பணமில்லை" என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவது, செய்தி எத்தனை பேருக்குப் போனது, யாருக்குப் போனது என்பது. தெரியாத ஊரிலுள்ள ஒருவருக்குப் போன ஒரு காசோலையும், அதே வட்டாரத்தில் தினமும் தொழில் செய்யும் பத்துப் பேருக்குப் போன பத்துக் காசோலைகளும் வேறு வேறு. மூன்றாவது, வணிகருக்கு அதற்கு முன்பு இருந்த பெயர். பலமுறை காசோலை திரும்பிய வரலாறு இருந்தால் தொகை இறங்கும். இருபது ஆண்டுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றால் ஏறும்.

நான்காவது, தவற்றுக்குப் பிறகு வங்கி நடந்துகொண்ட விதம். அன்றே திருத்தி, பணம் பெறவேண்டியவர்களுக்கெல்லாம் "தவறு எங்களுடையது" என்று கடிதம் எழுதியிருந்தால் வங்கிக்குச் சாதகம். வழக்குத் தொடுப்பதற்கு முன்போ, வாய்ப்புக் கிடைத்தவுடனோ மன்னிப்புக் கேட்டிருந்தால் தொகையைக் குறைக்க அதைச் சாட்சியமாக்கலாம் என்கிறது அவதூறுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. வணிகரை முகப்பில் அலைக்கழித்து, கடைசிவரை பழியை அவர் மீதே போட்டிருந்தால் அது தொகையை உயர்த்தும் காரணமாகலாம்.

இதற்கு விலைப்பட்டியல் எதுவும் இல்லை. நம் நாட்டில் இப்போது ஜூரி முறை இல்லாததால் நீதிபதியே தொகையை முடிவு செய்கிறார். மலேசியாவில் அவதூறு இழப்பீட்டுத் தொகைகள் பெரிய அளவில் ஏறி இறங்கியிருக்கின்றன. பத்திரிகையாளர் எம்.ஜி.ஜி. பிள்ளை உள்ளிட்டோருக்கு எதிராகத் தொழிலதிபர் வின்சென்ட் டான் தொடுத்த வழக்கில் 1994ஆம் ஆண்டில் மொத்தம் 1 கோடி ரிங்கிட் வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில் இத்தகைய பெருந்தொகைகளின் போக்குக்குக் கடிவாளம் போட்டது. ஆகவே பழைய செய்தித் தலைப்புகளை நம்பி லட்சக்கணக்கில் கனவு காண்பது சரியாக இருக்காது.

ரசீது கேட்கும் இழப்பு

மேலே சொன்னது பொது இழப்பீடு. நாணயத்துக்கு நேர்ந்த சேதத்துக்கு நீதிபதி மதிப்பிட்டுக் கொடுப்பது அது. கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய பண இழப்புக்குச் சிறப்பு இழப்பீடு என்று பெயர். இதை மனுவில் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கும் ஆதாரம் காட்ட வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரிகளை ஒருவர் வைத்திருக்கிறார். வேறொரு நிறுவனத்துக்கு வந்த முடக்க ஆணையை, பெயர் ஒற்றுமையால் வங்கி அவர் கணக்கில் போட்டுவிடுகிறது. டயர் கடைக்கும், எண்ணெய் நிலையத்துக்கும், பட்டறைக்கும் கொடுத்த மூன்று காசோலைகள் திரும்புகின்றன. எண்ணெய் நிலையம் மாதக் கணக்கை நிறுத்திவிட்டு ரொக்கம் கேட்கிறது. கையில் பணமில்லாததால் இரண்டு லோரிகள் நான்கு நாள் ஓடவில்லை.

ஒரு லோரியின் ஒரு நாள் வருமானம் 650 ரிங்கிட் என்றால், எட்டு லோரி நாளுக்கு 5,200 ரிங்கிட் என்று கேட்கத் தோன்றும். நீதிமன்றம் அப்படிக் கணக்கிடாது. லோரி ஓடாததால் டீசலும் ஓட்டுநரின் நடைக்கூலியும் மிச்சம். அவை ஒரு நாளைக்கு 380 ரிங்கிட் என்றால் உண்மையான இழப்பு 270. எட்டு நாளுக்கு 2,160 ரிங்கிட். அவசரத்துக்கு வெளியில் வாங்கிய கடனுக்கு 400 ரிங்கிட் வட்டி கட்டியிருந்தால் அதையும் சேர்க்கலாம். ஆக 2,560 ரிங்கிட். ஆலையின் எடைச் சீட்டுகள், முந்தைய மாதங்களின் கணக்குப் புத்தகம், வட்டி கட்டிய ரசீது ஆகியவை இருந்தால்தான் இதுவும் கிடைக்கும். வருமான வரிக்குக் காட்டாத வருமானத்தை நீதிமன்றத்தில் காட்டி இழப்பீடு கேட்பது சிக்கலில் கொண்டுபோய் விடும்.

மூன்று மாதம் கழித்து ஒரு தோட்டம் தன் குத்தகையைப் புதுப்பிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த இழப்பையும் வங்கியிடம் கேட்கலாமா? காசோலை திரும்பிய விவகாரத்தால்தான் குத்தகையை நிறுத்தினோம் என்று தோட்ட நிர்வாகம் சாட்சி சொன்னால் வாய்ப்பு உண்டு. வேறொருவர் குறைந்த விலை கேட்டதால் கொடுத்துவிட்டோம் என்றால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, மீறலிலிருந்து இயல்பாக விளைந்த இழப்புக்கும், இப்படி நேரக்கூடும் என்று இரு தரப்பும் ஒப்பந்தம் செய்தபோதே அறிந்திருந்த இழப்புக்கும்தான் ஈடு. எங்கோ தொலைவில் சுற்றி வந்து சேரும் இழப்புக்கு இல்லை.

நாணயத்தின் இழப்பு எவ்வளவு பெரிதாக மதிக்கப்படலாம் என்பதற்கு 1920ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கொடுத்த தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. முதல் உலகப் போருக்குப் போன ஒரு வணிகர் தன் தொழிலின் பண விவகாரங்களைக் கவனிக்கும் பொறுப்பை வங்கியிடம் விட்டுச் சென்றார். வங்கியின் கவனக்குறைவால் அவர் திவாலானார். சொத்து இழப்புக்கு 45,000 பவுன். அவருடைய நாணயத்துக்கும் பெயருக்கும் நேர்ந்த சேதத்துக்குத் தனியாக 7,500 பவுன். அந்தத் தனித் தொகையும் செல்லும் என்று சபை சொன்னது. அது அவதூறு வழக்கன்று. ஆனாலும் பணம் வேறு, பெயர் வேறு, இரண்டுக்கும் தனித்தனி விலை உண்டு என்பதை அது தெளிவாக்கியது.

கம்பெனி என்றால்?

தனியுரிமை வணிகம் நடத்துபவருக்கு வணிகத்தின் பெயரும் தம் பெயரும் ஒன்றே. ஆகவே அவமானத்தால் வந்த மனவேதனையும் இழப்பீட்டில் சேரும். சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தின் நிலை வேறு. நிறுவனத்துக்கு மனம் இல்லை, மனவேதனையும் இல்லை. ஆனால் அதற்கும் வணிகப் பெயர் உண்டு. பண இழப்பை நிரூபிக்காமலே நிறுவனம் அவதூறு வழக்கில் பொது இழப்பீடு பெறலாம் என்று 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை பெரும்பான்மையாக முடிவு செய்தது.

சிறு ஊர்களில் நிறுவனத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. முதலாளியின் பெயர்தான் தெரியும். அந்த நிலையில் காசோலையில் கம்பெனியின் பெயர் இருந்தாலும் அவமானம் அவர் தலையில்தான் விழுகிறது. மேலே சொன்ன ஆஸ்திரேலிய வழக்கில் நிறுவனத்தின் கணக்குகளில் நடந்த தவற்றுக்காக, அதை நடத்தியவருக்கே அவதூறு இழப்பீடு கிடைத்தது. வழக்கறிஞரைப் பார்க்கும்போது, வழக்கு யார் பெயரில் தொடுக்கப்பட வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

வங்கி என்ன சொல்லித் தப்பலாம்?

முதல் தற்காப்பு உண்மை. கணக்கில் உண்மையிலேயே பணமில்லை என்றால் வழக்கு முடிந்தது. 1968ஆம் ஆண்டின் ஆங்கிலேய வழக்கில், சொற்கள் அவதூறானவை என்று ஜூரி ஒப்புக்கொண்டும் வாடிக்கையாளர் தோற்றார். அவர் கடன் வரம்பைத் தாண்டியிருந்தார். இன்று காலை போட்ட வெளியூர்க் காசோலைத் தொகையை நம்பி இன்று மாலை காசோலை எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வங்கிக் கணக்கில் அந்தப் பணம் இன்னும் மாறியிருக்காது.

இரண்டாவது, தகவல் சொல்ல வேண்டிய கடமை தமக்கு இருந்தது, கெட்ட எண்ணம் இல்லை என்ற வாதம். இதற்குச் சலுகை என்று பெயர். 1940ஆம் ஆண்டு வழக்கிலும் 2010ஆம் ஆண்டு வழக்கிலும் இந்த வாதம் எடுபடவில்லை. தம் தவற்றால் தாமே உருவாக்கிய சூழ்நிலையைக் காட்டி வங்கி சலுகை கேட்க முடியாது என்பதே முதல் வழக்கின் சாரம்.

மூன்றாவது, கணக்குத் திறக்கும்போது கையொப்பமிட்ட படிவத்திலுள்ள சிறிய எழுத்துகள். "எந்த இழப்புக்கும் வங்கி பொறுப்பல்ல" என்ற வாசகத்தைப் பார்த்தவுடன் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். 2018ஆம் ஆண்டில் சிஐஎம்பி வங்கி சம்பந்தப்பட்ட வீட்டுக் கடன் வழக்கு ஒன்றில், இழப்பீடு கேட்கும் உரிமையை முற்றாக அடைக்கும் அத்தகைய நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு படிவத்தின் வாசகமும் வேறுபடும் என்றாலும், அந்த வரியைக் கண்டதும் கோப்பை மூடிவிடத் தேவையில்லை.

காசோலை குறைந்தாலும் ஆபத்து குறையவில்லை

இணையவழிப் பணப் பரிமாற்றம் பெருகியதாலும், 2015ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு காசோலைக்கும் 50 சென் கட்டணம் வந்ததாலும் மலேசியாவில் காசோலைப் பயன்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் வணிகரைப் பற்றிய தவறான தகவல் பரவும் வேகம் கூடியிருக்கிறது.

போதிய பணமின்றித் திரும்பும் காசோலைகளுக்கென்று பேங்க் நெகாராவின் கண்காணிப்பு முறை இருக்கிறது. 12 மாதங்களில் மூன்று காசோலைகள் அப்படித் திரும்பினால் நடப்புக் கணக்கு மூடப்படலாம். வங்கியின் தவறால் விழுந்த பதிவும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்துவிடக்கூடும். கடன் தவணை தவறியதாக ஒரு வங்கி தவறுதலாகப் பதிந்தால், அது சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் ஏறி, கடன் கேட்டுப் போகும் இடத்திலெல்லாம் தெரியும். ஒரு கடைக்காரர் கையிலிருக்கும் சீட்டு ஓர் ஆளுக்குப் போன செய்தி. அறிக்கையில் விழுந்த பிழை, கேட்கும் வங்கிகளுக்கெல்லாம் போகும் செய்தி. சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை இணையம் வழியாக இலவசமாகப் பார்க்கலாம். பிழை தெரிந்தால், தகவல் கொடுத்த வங்கியிடமே எழுத்தில் திருத்தம் கேட்க வேண்டும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

வழக்கின் பலம் பெரும்பாலும் முதல் சில நாள்களில் சேர்த்து வைக்கும் காகிதங்களில் இருக்கிறது. திரும்பிய காசோலையின் நகலையும், காரணம் எழுதிய சீட்டையும் பணம் பெறவேண்டியவரிடமிருந்து வாங்கி வைக்க வேண்டும். அன்றைய தேதியில் கணக்கில் எவ்வளவு இருந்தது என்பதற்கு வங்கி அறிக்கையை எடுத்து வைக்க வேண்டும். முகப்பில் பேசியதெல்லாம் காற்றோடு போகும். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "இனி ரொக்கம்தான்" என்று வந்த செய்தியை அழித்துவிடக் கூடாது. அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

அதோடு இழப்பைக் குறைக்க வணிகரும் முயன்றிருக்க வேண்டும். லோரி உரிமையாளர் வேறு எண்ணெய் நிலையத்தைக்கூடக் கேட்டுப் பார்க்காமல் ஒரு மாதம் வண்டியை நிறுத்திவைத்தால் அந்த ஒரு மாதத்துக்கும் வங்கி பொறுப்பாகாது.

நேரடிப் பண இழப்பு மட்டும் என்றால், வங்கியின் இறுதிப் பதிலில் திருப்தி இல்லாதவர்கள் 2025 ஜனவரி முதல் இயங்கிவரும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையை நாடலாம். தனிநபர்களும் சிறு வணிகங்களும் கட்டணமின்றி முறையிடலாம். வங்கி தொடர்பான புகார்களுக்கு வரம்பு 250,000 ரிங்கிட். வங்கியின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதங்களுக்குள் போக வேண்டும்.

நாணயத்துக்கான இழப்பீட்டை நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டியிருக்கும். 100,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும், 10 லட்சம் ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படும். தீபகற்ப மலேசியாவில் காலக்கெடு 6 ஆண்டுகள். சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் இருப்பதால் அங்குள்ளவர்கள் உடனே விசாரித்துக்கொள்ள வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதியையும் ஏற்க நேரிடலாம். கிடைக்கக்கூடிய தொகை சிறியது என்றால் வழக்கறிஞர் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

பெரும்பாலான சிறு வணிகர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது வழக்கு தொடங்குவதற்கு முன்பே கேட்கக்கூடிய ஒன்று. காசோலை திரும்பிய ஒவ்வொருவருக்கும், வங்கியின் முகவரித் தாளில், "காசோலை திரும்பியது எங்கள் தவறு; வாடிக்கையாளரின் கணக்கில் அன்று போதிய பணம் இருந்தது" என்று ஒரு கடிதம். வங்கி கொடுத்தால் டயர் கடைக்காரரிடம் மறுநாளே தலைநிமிர்ந்து பேசலாம். கேட்டும் கொடுக்கவில்லை என்றால், அந்த மறுப்பும் நீதிபதியின் முன் வைக்கவேண்டிய காகிதங்களில் ஒன்று.